தங்கமணி பாடம் பண்ணிய பதினெட்டுப் பாட்டு

என் மனைவி தங்கமணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் வயிறு எரிகிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த எரிச்சல் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமைக்காரன் எழுதுகிற வாழ்க்கைக் கதையில் ஒரு வசதி இருக்கிறது. அவன் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டான்.

அவள் பிறந்தது கச்சிராயபாளையத்தில். குழி நிலம் கிடையாது. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா குஞ்சம்மாள் கருவாட்டையும் உப்பையும் கூடையில் வைத்துக்கொண்டு கல்வராயன் மலை ஊர்களுக்கு ஏறிப்போய், சாமையும் புளியும் கடுக்காயும் மாற்றிக்கொண்டு இறங்குவாள். தங்கமணிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா கூடவே நடை. குஞ்சம்மாளுக்கு எத்தனை முறை போனாலும் வழி மனசில் நிற்காது. எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், மழையில் மண் சரிந்தால் எந்தத் தடத்தில் இறங்கலாம், எந்தத் தடம் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் என்பதெல்லாம் சின்னப் பெண்ணின் தலையில்தான் இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு களை எடுத்தாள், கரும்புச் சோகை உரித்தாள், எண்பத்தைந்தாம் வருஷம் எனக்குக் கழுத்தை நீட்டினாள்.

நான் காசிநாதன். கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. எந்த மாத்திரை எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். 'காசி தலையில பீரோ வச்சிருக்கான்டா' என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. சாயங்காலமும் திருவிழாக் காலத்திலும் பொன்னுரங்கம் நடத்திய மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். மேடையின் ஓரத்தில் தடித்த நாலு கம்பி கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பானே, அவன்தான் நான். பாடுகிறவனுக்கு மாலை, தபேலாக்காரனுக்குக் கைதட்டல், எனக்குக் கடைசிப் பந்தியில் சாப்பாடு.

எண்பத்தேழு ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாக் கச்சேரி ஒன்றுக்கு எங்கள் கீபோர்டுக்காரர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். பொன்னுரங்கம் எங்கெங்கோ சொல்லி, பாண்டிச்சேரியிலிருந்து அரங்கநாதன் என்பவரைக் கூட்டிவந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, சுருட்டு நாற்றம். கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு ஓட்டலில் பியானோ வாசிக்கிறவர். கச்சேரி முடிந்ததும் என் தோளைத் தொட்டார். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"உன்னத்தான் தம்பி. கை சுத்தமா கீது. எங்க ஓட்டல்ல பேஸ் வாசிக்கற ஆளு துபாய் போறான். வர்றியா?"

அவர்கள் வாசிப்பது ஜாஸ் என்றார். அமெரிக்காக்காரன் பாட்டு, பழைய பாட்டுகள், எல்லா ஊர் ஓட்டலிலும் அதே பாட்டுகள்தான் ஓடும். மெட்டு முதலில் ஒரு முறை வரும். அப்புறம் ஆளாளுக்கு இஷ்டப்படி வாசித்துக்கொண்டு போவார்கள். மாறாமல் நிற்பது கார்டுகளின் வரிசை ஒன்றுதான். மூன்று நான்கு சுரத்தைச் சேர்த்து அமுக்குவதுதான் கார்டு என்பது எனக்குத் தெரியும். சினிமாப் பாட்டில் அது சாவகாசமாக மாறும். இதில் மூச்சு விடுவதற்குள் மாறும். பேஸ்காரன் வரிசையை மறந்தால் மொத்தக் கூட்டமும் பள்ளத்தில் விழும் என்றார்.

"எங்க மொதலாளிக்கு மேடையில காயிதம் வச்சிக்கினா புடிக்காது. பதினெட்டுப் பாட்டு, பதினெட்டும் மண்டையில இருக்கணும். ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு இங்க ஒரு ரிசப்ஷனுக்கு வர்றேன். அப்ப கேப்பேன். சரியா இருந்தா என்கூடவே கெளம்பு."

ஒரு கேசட்டும், பதினெட்டுத் தாளும் கொடுத்தார். தாளில் மெட்டு இல்லை, பாட்டு வரி இல்லை, வெறும் கட்டங்களும் கார்டின் பெயர்களும்தான். மண்டையில் ஏற்றுவதா, அது நமக்கு வாய்த்த வேலையாயிற்றே என்று மருந்துக்கடைக்காரன் நெஞ்சை நிமிர்த்தினான்.

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு எப்படிப் படித்தேனோ அப்படித்தான் படித்தேன். டி மைனர் செவன், ஜி செவன், சி. டி மைனர் செவன், ஜி செவன், சி. வீட்டில் உட்கார்ந்து ராகம் போட்டு ஒப்பிப்பேன். எதிரில் தங்கமணியை உட்காரவைத்துக் கையில் தாளைக் கொடுத்துவிடுவேன். ஏ-யிலிருந்து ஜி வரைக்கும் ஏழு எழுத்து, அது அவளுக்குத் தெரியும். நான் தப்பினால் அவள் சொல்ல வேண்டும். அவளைச் சரிபார்க்கிற வேலைக்கு வைத்தது நான்தான். இந்த வினையை நானே கூலி கொடுத்து வீட்டுக்குள் கூட்டிவந்தேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவள் தாளைத் தரையில் வைத்துவிட்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

"ஏ மைனர் இல்லீங்க. அந்த எடத்துல ஏ செவன்."

கண்ணைத் திறந்தேன். தாள் அவளிடமிருந்து ரெண்டு முழம் தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஏ செவன்தான்.

"எப்பிடிச் சொன்ன?"

"நீங்க தெனம் சொல்லிக்கினே கீறீங்களே, காதுல உழுந்துது."

சரி, ஒரு இடம், ஏதோ குருட்டாம்போக்கில் என்று விட்டேன். மறுநாள் ஒரு பாட்டைச் சும்மா கேட்டேன். முப்பத்திரண்டு கட்டமும் சொன்னாள். இன்னொன்று கேட்டேன். அதையும் சொன்னாள். எனக்கு அப்போது உருப்படியாக வந்திருந்தது நாலு பாட்டு. அவள் ஆறு சொன்னாள். வீட்டுக்காரியைப் பார்த்து ஒரு சாதாரண மனுஷன் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்குக் காது மடல் சுட்டது.

எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று, அலட்சியமாகக் கேட்பவன் மாதிரி கேட்டேன். அவள் எதையும் ஒளிக்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"டி மைனரு வெள்ளிமலைன்னு வச்சிக்கோங்க. ஜி கரியாலூரு. சி எங்க ஊரு, கச்சிராயபாளையம். வெள்ளிமலையிலேர்ந்து எறங்கறவங்க கரியாலூரு வந்துதான் ஊருக்கு வரணும். பாட்டுல பாதி எடம் இப்பிடித்தான் எறங்குது. கரியாலூர்ல நின்னுட்டா மனசு ஊருக்கு வா வான்னு இழுக்கும். ஜி அடிச்சதும் அப்பிடித்தான் இழுக்குது."

"வேற எழுத்துல வந்தா?"

"அது வேற மலைங்க. எறங்கற தோது ஒண்ணுதான். எந்த எழுத்துன்னு நான் பாக்கறதில்ல, எத்தன ஊரு தள்ளின்னுதான் பாக்கறேன். மொத எட்டு கட்டம் ஒரு நடை. அதே நடை இன்னொரு தபா. நடுவுல எட்டு, அம்மா கூட பழைய பாக்கியக் கேக்க நாலு ஊரு சுத்தற மாதிரி சுத்திட்டு, மறுபடியும் மொத வழி. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். நான் உதடு காய ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன், இவள் கருவாட்டுக் கூடையோடு நடந்துபோய்விட்டு வருகிறாள்.

இன்னொரு நாள் டேப்பில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "காயிதத்துல ஜின்னு போட்டுக்கிது. இந்த ஆளு ஜிக்குப் போவலீங்க. கரியாலூர் வழிய உட்டுட்டு குறுக்குத் தடத்துல எறங்கறான். செங்குத்தா இருக்கும், ஒவ்வொரு அடியா வச்சி எறங்கணும். ஆனா ஊருக்குத்தான் வந்து சேர்றான்."

டேப்பைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். டி, டி ஃப்ளாட், சி. கேசட்டில் பேஸ் வாசித்தவன் ஒட்டினாற்போல் மூன்று கட்டை இறங்கியிருந்தான். பதினோரு வருஷம் மேடை ஏறியவன் நான். என் காதில் அது விழவே இல்லை.

அன்றிலிருந்து அவளிடம் ஒப்பிப்பதை நிறுத்தினேன். தாளை மருந்துக்கடைக்குக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். காய்ச்சல் மாத்திரை கேட்ட ஒரு ஆளிடம் 'பி ஃப்ளாட்டா?' என்று கேட்டேன். அவர், டாக்டர் அப்படி ஒன்றும் எழுதவில்லையே என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு படித்தாலும் ஒவ்வொரு பாட்டும் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வந்தது. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து போக வேண்டும்.

ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. தங்கமணி தரையில் உட்கார்ந்து, என் பேஸ் கிட்டாரை மடியில் வைத்து, அதன் தலையை மர பீரோவில் முட்டுக்கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லாத நேரத்தில் நான் செய்கிற வேலை அது. அப்படி முட்டுக்கொடுத்தால் பீரோ மொத்தமும் அதிர்ந்து சத்தம் கொடுக்கும். கம்பி தடியானது, நான் பழகியபோது ஒரு மாதம் விரல் கொப்பளித்துக் கிடந்தது. சோகை உரித்த அவள் விரலுக்கு அது ஒன்றுமே இல்லை. தட்டுத்தடுமாறித்தான் வாசித்தாள், கை பழகவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் ஒரு இடத்தில்கூட வழி தப்பவில்லை. கதவுக்கு வெளியே நின்று முழுப் பாட்டும் கேட்டேன். திருடன் மாதிரி நின்று கேட்டேன். என் வீட்டில், என் கிட்டாரில்.

உள்ளே போனதும் ஒன்றும் நடக்காத மாதிரி, "கம்பி போயிடும், புதுசு கெடைக்காது" என்று சொல்லிக் கிட்டாரையும் கேசட்டையும் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சோறு போட்டாள். பதினெட்டும் அவள் தலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு நான் கிட்டாரைப் பூட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்துக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

ஆவணிக் கடைசி முகூர்த்த ரிசப்ஷன் புதன்கிழமை நடந்தது. அரங்கநாதன் வந்து வாசித்தார். 'நாளைக்குக் காலையில உன்னக் கேட்டுட்டு பத்து மணி பஸ்ஸுக்குப் போறேன்' என்றார். வியாழக்கிழமை காலையில் பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வார சாலை மறியல் தொடங்கியிருந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் புளியமரங்களை வெட்டி ரோட்டில் குறுக்கே போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. உளுந்தூர்பேட்டையோடு எல்லாம் நின்றது. கடைகள் அடைப்பு, ஓட்டல்கள் அடைப்பு. லாட்ஜில் மாட்டிக்கொண்ட மனுஷருக்குச் சோறு கிடைக்காது என்று பொன்னுரங்கம் அவரைப் பெட்டியோடு என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

எனக்கு அடித்த யோகம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மணி நேரப் பரீட்சைக்குப் பதிலாக ஒரு வாரம். அடுத்த நிமிஷமே தங்கமணி ஞாபகம் வந்தது. அடுப்பங்கரைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்.

"அந்தாளு ஊருக்குப் போற வரைக்கும் இந்தப் பாட்டு விஷயத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது. உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாது. புரிஞ்சிதா?"

"சரிங்க."

"தெரியுமான்னு கேட்டாக்கூட."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

முதல் ரெண்டு நாள் அவர் சாப்பிட்டுத் தூங்கினார். ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். என் அண்ணன் ஆதிமூலம் வெள்ளிக்கிழமை வந்து, ஊரே ரோட்டுல கீது, நீ இன்னாடா வூட்டுக்குள்ள குந்திக்கினு கீற என்றான். விருந்தாளி இருக்கிறார் என்றேன். துப்பாக்கிச் சூடு, ஆள் செத்தது, எங்கேயோ குடிசைகள் எரிந்தது என்று ஒவ்வொரு செய்தியாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு அழுகிற நேரத்தில் என் கவலையெல்லாம் அடுப்பங்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிடக் கூடாதே என்பதாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பொன்னுரங்கம் வீட்டு ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து வைத்தார். கரண்ட் இல்லை. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கிட்டாரைப் பீரோவில் முட்டுக்கொடுத்தேன். பதினெட்டில் பன்னிரண்டைக் கேட்டார். பன்னிரண்டும் வரிசை தப்பாமல் வாசித்தேன். ஒரு தாள் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். தங்கமணி கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பார்த்தாயா என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

"நல்லாக்கீது தம்பி. எங்க பாட்டுக்காரம்மா இப்ப வாசிச்ச இந்தப் பாட்ட சி சுருதியில பாட மாட்டாங்க, ஏத்தி ஈ ஃப்ளாட்லதான் பாடுவாங்க. தனி வாசிப்பு முடிஞ்சி நடு எட்டுலேர்ந்துதான் அவங்க எடுப்பாங்க. எங்க, நடு எட்டு, ஈ ஃப்ளாட்ல."

இந்த நடு எட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சி-யில் வாசித்தால் அதற்கு இடது கையே தேவையில்லை. ஈ, ஏ, டி, ஜி. பேஸ் கிட்டாரின் நாலு கம்பியும் அதுவேதான். மேலிருந்து கீழே நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டினால் முடிந்தது. அந்த எட்டுக் கட்டத்தைத்தான் நான் ரொம்ப எளிது என்று கவனிக்காமல் விட்டிருந்தேன். கிட்டார்க் கழுத்தில் கையை மூன்று கட்டம் தள்ளி வைத்துக்கொள் என்று யாரும் சொல்லலாம். கையே வைக்காத இடத்தில் எதைத் தள்ளுவது? ஈ ஃப்ளாட் என்றதும் விரல் தானாக ஈ கம்பிக்குப் போனது. அவர் ஆர்மோனியத்தில் வேறு எங்கோ இருந்தார். நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், நடு எட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் அதைத் தாண்டிவிட்டார்.

மூன்று முறை ஆயிற்று. அவர் துருத்தியிலிருந்து கையை எடுத்தார்.

"எப்பிடி பாடம் பண்ண தம்பி?"

வாய்ப்பாடு மாதிரி என்று சொல்ல நாக்கு கூசியது. அவர் முன்னால் மூக்கு உடைபட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் வெள்ளிமலை, கரியாலூர், கச்சிராயபாளையம் எல்லாவற்றையும் என் யோசனையாகச் சொன்னேன். குறுக்குத் தடம் உட்பட. அவருக்குக் கண் விரிந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷமா வாசிக்கறேன், இப்பிடி யாரும் சொல்லிக் கேட்டதில்ல. இது தெரிஞ்சவன் எந்த எழுத்துலயும் வாசிப்பானே. சரி, நடு எட்டுக்கு எந்த ஊர்லேர்ந்து கெளம்பணும்?"

எனக்கு எந்த ஊரும் தெரியவில்லை. நான் கள்ளக்குறிச்சிக்காரன். மலைக்கு ரெண்டு முறை ஜீப்பில் கச்சேரிக்குப் போனவன், ரெண்டு முறையும் வாந்தி எடுத்தவன்.

அவர் என்னை விட்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க எந்த ஊரு?"

"கச்சிராயபாளையங்க."

"மலையில நடந்திருக்கீங்களா?"

"சின்னதுல நடந்திருக்கேங்க."

"இந்தப் பாட்டுங்க ஒங்களுக்குத் தெரியுமா?"

தங்கமணி அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். ஒரு கத்திரிக்காய் அரிகிற நேரம் பார்த்தாள்.

"எனக்கு இன்னாங்க தெரியும். சோறாக்கத் தெரியும்."

அரங்கநாதன் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "ரோடு தொறக்க இன்னும் நாலு நாளு ஆவும் போல. இந்த வழிய உனக்குச் சொன்னவங்க யாரோ, அவங்ககிட்ட போயி ஒழுங்கா கேட்டுக்கினு வா. நடு எட்டு வந்துச்சின்னா வேலை உன்னுது. பதினெட்டையும் எந்த எழுத்துல கேட்டாலும் வாசிக்கணும்னு நான் சொல்லல. அது ஒண்ணு போதும்."

நாலு நாள். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. ஆளும் வீட்டிலேயே இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் தங்கமணியே பக்கத்தில் வந்து நின்றாள். "கேளுங்க, சொல்றேன். அஞ்சு நிமிஷ வேலைங்க" என்றாள். எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பார் என்றேன். அந்த 'அஞ்சு நிமிஷம்' என்ற வார்த்தை என்னைக் கொன்றுபோட்டது. திங்கட்கிழமை அவள் மாவு அரைக்கும் வேலையை விட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கதவோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கேட்பேன் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் கடையைத் திறந்து பார்க்கிறேன் என்று வெளியே போனேன். ஊரே அடைத்துக் கிடந்தது. பூட்டின கடை வாசலில் உட்கார்ந்து விரலால் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஈ, ஏ, டி, ஜி. மூன்று மூன்றாகத் தள்ளி எண்ணினேன். ஒரு முறை சரியாக வந்த மாதிரி இருந்தது, மறு முறை வேறாக வந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்கத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நெற்றியில் அவள் பற்றுப் போட்டாள். அப்போதும் கேட்கவில்லை.

புதன்கிழமையோடு மறியல் முடிந்தது. வியாழக்கிழமை காலையில் மரங்களை அப்புறப்படுத்தி முதல் பஸ் விழுப்புரத்துக்குக் கிளம்பியது. அரங்கநாதன் பெட்டியை மூடுவதற்கு முன் ஆர்மோனியத்தைத் திறந்து, நடு எட்டு என்றார். நான் கிட்டாரைக் கையில் எடுக்கவே இல்லை. அவர் புரிந்துகொண்டார். கேசட்டும் தாளும் உன்கிட்டயே இருக்கட்டும் என்றார். தங்கமணியிடம் வந்து, ஒரு வாரம் சோறு போட்டீங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். விழுப்புரத்திலேயே ஒரு பையன் கிடைத்துவிட்டான் என்று பின்னால் பொன்னுரங்கம் சொன்னார்.

பஸ் போன பிறகு நான் வீட்டுக்கு வந்து கத்தினேன். அத்தனையும் அவள் தலையில் போட்டேன்.

"அன்னிக்கி அவரு கேட்டாரே, ஒரு வார்த்த சொன்னா இன்னா? தெரியும்னு சொல்லி அந்த எட்டக் காட்டி இருந்தா நான் பாத்துப் புடிச்சிருப்பேன் இல்ல? வேல போச்சே."

"நீங்கதான வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க."

"அவரு நேரா கேட்டப்பக்கூடவா?"

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு கேட்டப்போ உங்க மூஞ்சியப் பாத்தேங்க. வேல போயிடுமோன்னு நீங்க பயப்படல. நான் தெரியும்னு சொல்லிடுவேனோன்னுதான் பயந்தீங்க. தெரியாதுன்னு சொன்னதும் உங்களுக்கு மூச்சு வந்துது. பாத்துக்கினுதான் இருந்தேன்."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது உண்மை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தப் பெரியவர் நம்பிவிட்டார் என்ற நிம்மதி என் நெஞ்சில் குளிர்ச்சியாக இறங்கியது எனக்கே நன்றாக நினைவிருந்தது. பாண்டிச்சேரி, மேடை, மாதச் சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தன.

"அந்த எட்டுக்கு ஜியிலேர்ந்து கெளம்பியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஊதுகுழலை எடுத்தாள்.

அதற்கு மேல் அவள் வாழ்க்கையில் ஊர் பேசுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் எது முட்டை தின்னாது, எது ரெண்டாவது கரண்டி கேட்கும் என்று சொல்லுவாள் என்று அங்கிருந்தவர்கள் மெச்சுவார்கள். எங்கள் மகள் இலக்கியாவை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தது அவள் சம்பளத்தில்தான். கீபோர்டிலேயே பேஸும் வந்துவிட்ட பிறகு பொன்னுரங்கம் என்னை மேடைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எனக்கும் சர்க்கரை வந்து விரல் மரத்துவிட்டது. மருந்துக்கடையில் டப்பாக்களை இடம் மாற்றிவிட்டால் இப்போது எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் என் எதிரில் அந்தப் பாட்டுகளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கோபமாகவும் இருந்ததில்லை. இப்போதும் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். பதினெட்டும் அவள் தலைக்குள் அப்படியே இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் இன்று வரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் உடனே சொல்லுவாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.